பத்துப் பத்து வெள்ளியாக வாங்கிய தோட்டம்: துன் சம்பந்தன் போட்ட கணக்கு

துண்டாடல். ஜாசின், அலோர் காஜா பக்கம் எண்பதைத் தொட்ட பெரியவர்களிடம் இந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும். எந்தத் தோட்டம், எந்த லயம், யார் யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்று வரிசையாக வரும். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது வெறும் சொல். முப்பதைத் தொடாத என் வயதினருக்கும் அப்படித்தான். துன் வீ.தி.சம்பந்தன் என்றால் பிரிக்பீல்ட்சில் உள்ள சாலையின் பெயர் என்ற அளவில்தான் நம்மில் பலருக்குத் தெரியும்.

இந்தச் சொல்லும் அந்தப் பெயரும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒரு தொழிலை நடத்துகிறவர் முதலில் யாரைப் பார்க்க வேண்டும், பங்குக்காரரையா, வேலை செய்கிறவரையா என்று இன்று வர்த்தகக் கல்லூரிகளில் விவாதிக்கிறார்கள். அந்தக் கேள்வி நம் தோட்டங்களில் 1950-களிலேயே லயத்து வாசலுக்கு வந்துவிட்டது. அதற்குச் சம்பந்தன் சொன்ன பதில் முழுமையானது என்று சொல்ல முடியாது. ஆனால் காகிதத்தில் நின்றுவிடாமல், நிலமாகக் கையில் வந்த பதில் அது.

கதையை மலாக்காவில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மலாயாவில் வணிக நோக்கத்தோடு ரப்பர் முதலில் நடப்பட்டது இங்கேதான். 1896-ல் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் நாற்பது ஏக்கரில் கன்று நட்டார். பிறகு அசஹானில் பெரிய அளவில் நட்டார். அந்தத் தோட்டம் பத்தே ஆண்டுகளில் பெரும் விலைக்கு ஒரு பிரிட்டிஷ் கம்பெனியிடம் கைமாறியது. சம்பந்தனின் தந்தை வீராசாமி தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்ததும் அதே 1896-ல்தான். அவர் பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட்டில் காலூன்றி, அங்கே ரப்பர் பயிரிட்ட இந்திய முன்னோடிகளில் ஒருவராக உயர்ந்தார்.

ஆக, சம்பந்தன் பிறந்தது லயத்தில் அல்ல, தோட்டக்காரர் வீட்டில். இதை மறைத்து எழுதும் வழக்கம் நம் மேடைகளில் உண்டு. மறைக்க வேண்டிய தேவை இல்லை என்பது என் எண்ணம். முதலாளி வீட்டுப் பிள்ளையாக இருந்ததால்தான் துண்டாடலில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்ற கணக்கு அவருக்கு உடனே புரிந்தது.

வீராசாமி திருஞான சம்பந்தன் 1919 ஜூன் 16-ல் பிறந்தார். கோலகங்சாரில் கிளிபர்ட் பள்ளியில் படித்தார். பிறகு சிதம்பரத்துக்குப் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்பு. உலகப் போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியவில்லை. 1946-ல் திரும்பி வந்து, தந்தை விட்டுச்சென்ற ரப்பர்த் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டார். 1948 ஜூன் 16-ல், அவருக்கு 29 வயது நிறைந்த அதே நாளில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்படுவதற்கு அந்தச் சம்பவமே உடனடிக் காரணம். தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் இடையில் இருந்த கசப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தம் ஊரிலேயே பார்த்தவர் அவர்.

1954-ல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளியை எழுப்பினார். நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். மறு ஆண்டு ம.இ.கா.வின் தேசியத் தலைவரானார். அதுவரை அந்தக் கட்சி நகரத்து வழக்கறிஞர்களும் வணிகர்களும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும் இடமாகவே பெரும்பாலும் இருந்தது. இவர் தமிழில் பேசினார். கட்சியைத் தோட்டத்துக்குக் கொண்டு போனார். 1955 ஜூலையில் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலுக்குப் பிறகு தொழிலாளர் அமைச்சர் பொறுப்பு வந்தது. அப்போது அவருக்கு 36 வயது. அடுத்த ஆண்டு உமாசுந்தரியைத் திருமணம் செய்துகொண்டார்.

1956 பிப்ரவரி 20-ல் மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திர நாளை அறிவித்தார். ஊரே திரண்டு கொண்டாடிய நாள். தோட்டங்களின் உரிமையாளர்களாக லண்டனில் இருந்தவர்கள் அந்தச் செய்தியைக் கேட்டு வேறு கணக்குப் போட்டார்கள்.

ஏழு ஆண்டு காத்திருக்க யாருக்குப் பொறுமை?

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள ரப்பர் மரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பால் மரம் வெட்டியவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை; செம்பனைக் காலத்தில் பிறந்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ரப்பர்க் கன்றை நட்டால் ஆறேழு ஆண்டுகள் கழித்துத்தான் உளி வைக்கலாம். அதன் பிறகு இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தரும். பட்டை தேய்ந்து மரம் கிழடானால் வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்ய வேண்டும். மறுபடியும் ஆறேழு ஆண்டுகள் அந்தக் காட்டிலிருந்து ஒரு காசு வராது. செலவு மட்டும் நடந்துகொண்டே இருக்கும்.

1950-களில் பல தோட்டங்களில் மரங்கள் போருக்கு முந்தியவை. கொரியப் போர்க் காலத்தில் உச்சத்துக்குப் போன ரப்பர் விலை பிறகு இறங்கிவிட்டது. செயற்கை ரப்பர் போட்டிக்கு வந்துவிட்டது. நாடு சுதந்திரம் அடையப்போகிறது. புதிய அரசாங்கம் என்ன செய்யுமோ என்ற அச்சம் வேறு. மறுநடவு செய்து ஏழு ஆண்டு காத்திருப்பதா, நல்ல விலை கிடைக்கும்போதே விற்றுவிட்டுப் போவதா? பெரிய கம்பெனிகள் பல தங்கின. சிறிய, நடுத்தரக் கம்பெனிகள் பல விற்றன.

வாங்கியவர்கள் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கூட்டாகப் பணம் போட்டு வந்த தரகர் குழுக்கள் அவை. தோட்டத் தொழில் செய்ய அவர்கள் வரவில்லை. ஆயிரம் ஏக்கர் தோட்டத்தை மொத்த விலைக்கு வாங்கி, ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று கூறு போட்டுச் சில்லறை விலைக்கு விற்றார்கள். மொத்தத்துக்கும் சில்லறைக்கும் உள்ள வித்தியாசமே லாபம். ஒரு கன்றுகூட நட வேண்டாம். சில மாதங்களில் போட்ட பணம் பெருகித் திரும்பிவிடும். இதில் சட்டமீறல் ஏதும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வியாபாரம் என்ற அளவில் அது கெட்டிக்காரத்தனம்.

லயத்தில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? நூறு ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால்தான் கணக்கில் அது தோட்டம். அதற்குக் கீழே சிறுதோட்டம். தோட்டம் என்றால் சட்டப்படி சில கடமைகள் உண்டு: குடியிருப்பு, தண்ணீர், மருந்தகம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்ற கடமையும் இருந்தது. ஐந்தும் பத்துமாகக் கூறுபோட்ட நிலத்தில் இதில் எதுவும் யார் தலையிலும் விழாது. ஐந்து ஏக்கர் வாங்கியவர் தம் குடும்பத்தோடு தாமே மரம் வெட்டுவார். இல்லாவிட்டால் குத்தகைக்கு விடுவார். குத்தகைக்காரர் இரண்டு ஆண்டில் எவ்வளவு பால் கறக்க முடியுமோ அவ்வளவும் கறப்பார். பட்டை போனால் அவருக்கென்ன?

செக்ரோலில் இருந்த பெயர்கள் ஒரே நாளில் இல்லாமல் போயின. காலைப் பெரட்டு நின்றது. லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆயாக் கொட்டகை மூடப்பட்டது. பள்ளி இருக்கும் நிலம் யார் கூறில் விழுந்தது, கோயில் யார் கூறில் விழுந்தது என்று தேட வேண்டியதாயிற்று. 1954-ல் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அப்போது வலுவான தொழிற்சங்கம்தான். ஆனால் ஒரு நிர்வாகத்தோடு மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசலாம். இருநூறு நிலச் சொந்தக்காரர்களோடு எப்படிப் பேசுவது?

தமிழில் முதல் என்ற சொல்லுக்குத் தொடக்கம் என்றும் பொருள், போட்ட பணம் என்றும் பொருள். முதலை ஆள்பவர் முதலாளி. வருகிற லாபத்தை எண்ணி இருக்கும் முதலை இழக்கும் காரியத்தில் இறங்கக் கூடாது என்பது வள்ளுவர் தெரிந்து செயல்வகையில் சொன்ன கருத்து. துண்டாடியவர்கள் தங்கள் முதலை இழக்கவில்லை. இழக்கப்பட்ட முதல் வேறு: ஐம்பது அறுபது ஆண்டுகள் ஒரு காட்டில் மூன்று தலைமுறை போட்ட உழைப்பு. அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

பிரச்சினை பெரிதானபோது மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் இதை விரிவாக ஆராய்ந்தார். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடல் பற்றி அவர் தயாரித்த பெரிய அறிக்கை அறுபதுகளின் தொடக்கத்தில் வெளிவந்தது. துண்டாடல் தொழிலாளர்களையும் உற்பத்தியையும் பாதிக்கிறது என்று அது ஆதாரத்தோடு காட்டியது. சட்டம் மட்டும் மெதுவாகத்தான் வந்தது.

சங்கம் பிறந்தது

1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைச் சம்பந்தன் தொடங்கினார். யோசனை எளிமையானது. தோட்டம் விற்பனைக்கு வருகிறதா? தொழிலாளர்களே சேர்ந்து வாங்கிவிடுவோம். துண்டாட ஆள் வருவதற்கு முன்னே வாங்குவோம். முழுத் தோட்டமாக வைத்துக்கொள்வோம். மறுநடவு செய்வோம். வேலையும் வீடும் பள்ளியும் கோயிலும் இருந்த இடத்தில் இருக்கும்.

கூட்டுறவு நம் மக்களுக்குப் புதிதல்ல. சென்னையில் திருவல்லிக்கேணிக் கூட்டுறவுப் பண்டகசாலை 1904-லேயே தொடங்கியது. மலாயாவில் 1922-ல் கூட்டுறவுச் சட்டம் வந்து, போருக்கு முன்பே தோட்டத் தொழிலாளர்களிடையே சிக்கனச் சங்கங்கள் இருந்தன. ஆனால் அவையெல்லாம் அரிசி பருப்பு வாங்கவும், கல்யாணம் கருமாதிக்குக் கடன் வாங்கவும் உதவியவை. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து 28 பவுண்டு முதலில் தொடங்கிய சங்கம்தான் உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு முன்மாதிரி. அதுவும் ஒரு கடைதான். ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை, லண்டன் கம்பெனியிடமிருந்து, ரொக்கத்தோடு வரும் தரகர்களை முந்திக்கொண்டு வாங்குவது வேறு மாதிரியான துணிச்சல்.

பணம்? அங்கேதான் சம்பந்தன் ஊர் ஊராகப் போனார். அந்தக் காலத்தில் பால் மரம் வெட்டுகிறவருக்கு ஒரு நாள் கூலி மூன்று வெள்ளிக்கு முன்பின். அவரிடம் போய்ப் பத்து வெள்ளி கொடு என்று கேட்க வேண்டும். கொடுத்தால் உடனே என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. எங்கோ கெடாவில் ஒரு தோட்டம் துண்டாகாமல் நிற்கும். பேராக்கிலும் மலாக்காவிலும் ஜொகூரிலும் இருக்கும் தொழிலாளி தாம் கண்ணால் பார்க்காத தோட்டத்துக்காகச் சம்பளத்தில் மூன்று நான்கு நாளைக் கொடுக்க வேண்டும். நாளைக்கு உன் தோட்டத்துக்கும் இதே நிலை வரலாம், அப்போது மற்றவன் கொடுப்பான் என்பதே உத்தரவாதம். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்தது.

கங்காணிக் காலத்திலிருந்து பல பேரிடம் ஏமாந்த சமுதாயம் அது. அமைச்சர் ஒருவர் வந்து கேட்டார் என்பதற்காக மட்டும் கொடுத்திருக்க மாட்டார்கள். கேட்டவர் தம் கைப் பணத்தையும் பொது வேலைக்குச் செலவழிப்பவர் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தந்தை விட்டுச்சென்ற சொத்தில் பெரும் பகுதி அவருடைய பொதுவாழ்க்கையில் கரைந்தது என்று அவரை அறிந்தவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். அரசியலுக்கு வந்து சொத்துச் சேர்ப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் தலைகீழாகத் தெரியலாம்.

சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். அதைத் தொடர்ந்து ஒவ்வொன்றாகப் பல மாநிலங்களில் தோட்டங்கள் வந்தன. சம்பந்தனுக்குத் துணையாக நின்ற கே.ஆர்.சோமசுந்தரம், பிற்காலத்தில் டான்ஸ்ரீ விருது பெற்றவர், அவருக்குப் பிறகு நீண்ட காலம் சங்கத்தை வழிநடத்தினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சங்கம் தர்மசாலை அல்ல. உறுப்பினர் பணம் போதாதபோது கடன் வாங்கியது. கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். ரப்பர் விலை இறங்கினால் சங்கத்துக்கும்தான் இறங்கும். மறுநடவுக் காலத்தில் வருமானம் வராத அந்த ஏழு ஆண்டுகள் சங்கத்துக்கும் உண்டு. லாபம் வராவிட்டால் தோட்டமே கையை விட்டுப் போகும். ஆகவே லாபம் வேண்டாம் என்று சம்பந்தன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சங்கம் ஐந்தாண்டு தாங்கியிருக்காது. எப்போது வர வேண்டிய லாபம், யாருக்குப் போக வேண்டிய லாபம் என்பதில்தான் அவருக்கும் தரகர்களுக்கும் வித்தியாசம். தரகர் அந்த வருடக் கணக்கைப் பார்த்தார். இவர் மரத்தின் ஆயுள் கணக்கைப் பார்த்தார். மரத்தின் ஆயுளைப் பார்க்கிறவர் மரம் வெட்டுகிறவரையும் பார்த்தாக வேண்டும். பட்டையைக் காயப்படுத்தாமல் உளி பிடிக்கத் தெரிந்த கைகள் இல்லாமல் முப்பது ஆண்டு பால் எடுக்க முடியாது.

கம்பெனிக்குள்ள சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவதே என்று அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் எழுதிப் புகழ் பெற்றது 1970-ல். அதற்குப் பத்து ஆண்டு முன்பே, தொழிலாளியே பங்குக்காரராகவும் இருந்தால் அந்த வாதம் எங்கே போய் நிற்கும் என்பதை நம் ஆட்கள் புக்கிட் சிடிமில் சோதித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

எட்டாத தோட்டங்கள்

இதுவரை எழுதியதை மட்டும் படித்தால் சம்பந்தன் துண்டாடலைத் தடுத்து நிறுத்திவிட்டார் என்று தோன்றும். அப்படி இல்லை. நாடு முழுக்கத் துண்டாடப்பட்ட நிலத்தோடு ஒப்பிட்டால் சங்கம் வாங்கியது சிறு பகுதிதான். சங்கம் ஒரு தோட்டத்துக்குப் பணம் திரட்டும் நேரத்தில் வேறு தோட்டங்கள் கைமாறிக்கொண்டிருந்தன.

மலாக்காவில் இருப்பவர்களுக்கு அசஹான் நினைவுக்கு வரும். டான் சே யான் நட்ட அதே அசஹான், லேடாங் மலையின் அடிவாரத்தில். அங்கே 1960-களின் நடுவில் தொழிலாளர்களுக்கும் நிர்வாகத்துக்கும் கடுமையான தகராறு மூண்டது. 1967-ல் புக்கிட் அசஹான் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். ஏறக்குறைய நூறு மைல் தூரம். அப்போது சம்பந்தன் அமைச்சரவையில் இருந்தார். பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சர். அதே 1967-ல்தான் அவருக்குத் துன் விருதும் கிடைத்தது. நாட்டின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றைத் தோட்டத் தமிழர்களின் தலைவர் பெற்ற அதே ஆண்டில் தோட்டத் தொழிலாளர்கள் தார்ச்சாலையில் நடந்துகொண்டிருந்தார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அவருடைய வாழ்க்கையை எழுதினால் அது வாழ்த்துமடலாகிவிடும்.

அவர் மீது அன்றே வைக்கப்பட்ட குறைகள் உண்டு. அரசாங்கத்தில் அத்தனை ஆண்டு இருந்தும் துண்டாடலைத் தடுக்கும் சட்டத்தை உரிய நேரத்தில் கொண்டுவர வைக்கவில்லை என்பது ஒன்று. தோட்ட நில வாரியத்தின் அனுமதி இல்லாமல் தோட்டத்தைக் கைமாற்றக் கூடாது என்ற விதி பிறகு தேசிய நிலச் சட்டத்தில் சேர்ந்தது. அதற்குள் பெரும்பாலான சேதம் முடிந்துவிட்டது. கூட்டணியில் இருந்தவர்களில் பலர் நிலமும் முதலும் உள்ளவர்கள். நிதி அமைச்சர் டான் சியூ சின் நம் மலாக்காவின் பழம்பெரும் ரப்பர்க் குடும்பத்திலிருந்து வந்தவர். அந்த மேசையில் சம்பந்தனின் குரல் எவ்வளவு தூரம் எடுபட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். சட்டத்தால் முடியாததைச் சந்தாவால் செய்யப் பார்த்தார் என்றுதான் நான் படிக்கிறேன். அது அவருடைய பலமா பலவீனமா என்று கேட்டால், இரண்டும்தான்.

இன்னொரு குறை இன்னும் ஆழமானது. சங்கத் தோட்டத்தில் வேலை செய்தவருக்கும் பக்கத்துக் கம்பெனித் தோட்டத்தில் வேலை செய்தவருக்கும் அன்றாட வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் தெரிந்ததா? அதே பெரட்டு, அதே கிராணி, அதே நிரை. உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் சங்கத் தோட்டங்களில் வேலை செய்யாதவர்கள்; அவர்கள் எதிர்பார்த்தது ஆண்டு ஈவுத்தொகை. தொழிலாளி பங்குக்காரரானால் அவரும் பங்குக்காரரைப் போலவே யோசிக்கத் தொடங்குவார் என்பதைக் கூட்டுறவுக்காரர்கள் உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். சங்கம் ஒரு நல்ல முதலாளியானது. முதலாளி இல்லாத தோட்டத்தை அது உருவாக்கவில்லை. ஆனால் லயத்தைக் காலி செய்யச் சொல்லி மூட்டையோடு நின்ற குடும்பத்துக்கு நல்ல முதலாளி என்பதே எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே நின்றவருக்குத்தான் தெரியும்.

1969-க்குப் பிறகு நிலைமை இன்னும் இறுகியது. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும். சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டத்தில் காலம் கழித்த ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். துண்டாடலில் வேலை இழந்தவருக்கு அடுத்த அடி இது. கூட்டுறவுச் சங்கத்தால் குடியுரிமை வாங்கித் தர முடியாதே.

சம்பந்தன் 1973-ல் ம.இ.கா. தலைமையை டான்ஸ்ரீ வெ.மாணிக்கவாசகத்திடம் ஒப்படைத்தார். கட்சிக்குள் நடந்த நீண்ட இழுபறியைப் பற்றி இங்கே விரிவாக எழுத இடமில்லை. பதினெட்டு ஆண்டு ஒருவரே தலைவராக இருந்தால் இழுபறி வராமல் இருக்காது. தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சர் பொறுப்பு 1974 வரை. கட்சியும் பதவியும் போன பின்னும் சங்கத்தை அவர் விடவில்லை. 1979 மே 18-ல் கோலாலம்பூரில் மாரடைப்பால் காலமானார். அறுபது வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லை.

கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் சுலைமானில் இருக்கும் சங்கத்தின் தலைமையகத்துக்கு விஸ்மா துன் சம்பந்தன் என்று பெயர். சங்கம் இன்றும் இயங்குகிறது. அதன் தோட்டங்களில் இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்தை விட்டு நம் பிள்ளைகள் வெளியேறி வெகுநாளாயிற்று. உளி பிடித்த கைகளின் பேரப்பிள்ளைகள் ஆயர் கெரோ தொழிற்பேட்டையிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள்.

மலாக்காவில் இப்போது தோட்டங்களைத் தரகர்கள் துண்டாடுவதில்லை. வீடமைப்புத் திட்டங்கள் வருகின்றன. மாநிலத்தில் உள்ள 21 தமிழ்ப்பள்ளிகளில் பல இன்னும் தோட்டங்களின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கின்றன: டைமண்ட் ஜூப்ளி, ஜாசின் லாலாங், புக்கிட் லிந்தாங், காடேக், கெமுனிங். பெயரில் உள்ள தோட்டத்தின் கதை மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று அங்கே பணிபுரியும் ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கம்பெனி தோட்டத்தை மேம்பாட்டு நிறுவனத்துக்கு விற்கும்போது லயத்தில் எஞ்சியிருக்கும் நாலைந்து குடும்பங்களுக்கு வீடா, ஈட்டுத்தொகையா, எவ்வளவு என்ற பேச்சுவார்த்தை இன்றும் நடக்கிறது. மேசையின் ஒரு பக்கம் ஆண்டறிக்கையில் காட்ட வேண்டிய லாபத்தோடு உட்கார்ந்திருக்கிறது. மறுபக்கம் இருப்பவர்களிடம் நிலப் பட்டா இல்லை. அந்த மண்ணில் எத்தனை ஆண்டு இருந்தோம் என்ற எண்ணிக்கை மட்டும்தான்.

கடைசியாக, வாசகர்களுக்கு நடைமுறையில் உதவக்கூடிய ஒரு தகவல். 1960-களில் பத்து வெள்ளி கட்டிச் சேர்ந்த தாத்தா பாட்டிகளில் பலர் இன்று இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் இறந்துபோன உறுப்பினரின் பங்கு அவர் நியமித்த வாரிசுக்கு உரியது. யாரையும் நியமிக்காவிட்டால் சட்டப்படியான வாரிசுகள் கோரலாம். வீட்டில் பழைய இரும்புப் பெட்டி ஏதும் இருந்தால், பிறப்புப் பத்திரங்களுக்கும் பால் சீட்டுகளுக்கும் அடியில் சங்கத்தின் ரசீது அல்லது பங்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் இறப்புப் பத்திரத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்தில் விசாரிக்கலாம்.